தோட்டத்தில் ஏது சுவர்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பையைத் துழாவாமல் ஒரு துணியையும் தண்ணீரில் போடக் கூடாது. வேலைக்குச் சேர்கிற அன்றைக்கே சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம் அதுதான். டாக்டர் கோட்டுக்குள் பேனா இருக்கும், கத்தரி இருக்கும், சில சமயம் சினிமா டிக்கெட் இரண்டு இருக்கும். நர்சு உடைக்குள் பாதி கடித்த பிஸ்கட்டும் எழுதி அனுப்பாத கடிதமும் இருக்கும். பத்தொன்பது வருடமாக அந்தப் பைகளைத் துழாவி வந்தவள் இவள். எது ரத்தம், எது மருந்து, எது தேநீர், எது தேநீர் என்று பொய் சொல்லப்படும் வேறொன்று என்று நாலடி தள்ளி நின்றே சொல்லிவிடுவாள். கூட வேலை பார்த்தவர்கள் அவளுக்குப் 'போலீஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அப்படிப்பட்டவள் வீட்டிலேயே ஒரு மனிதன் திடீரென்று வேதப்புத்தகமும் கையுமாக உட்கார்ந்தால் சும்மா விடுவாளா?

அவள் புருஷன் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். பெரிய கட்டிடங்களில் பகலில் லிஃப்டை நிறுத்த முடியாது என்பதால் அவருக்கு வேலையெல்லாம் ராத்திரியில். இரவு எட்டு மணிக்குக் கிளம்பினால் காலை ஆறரைக்குத்தான் திரும்புவார், கை நிறைய கிரீஸோடு. செய்தித்தாளிலேயே விளையாட்டுப் பக்கம் தவிர வேறொன்றும் பார்க்காத ஆள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு, ஆசீர்வாதம் முடியும் முன்பே குடையைத் தேடுகிறவர். அவர்தான் ஆறு மாதமாகக் காலையில் வந்ததும் கையைக் கழுவிவிட்டுச் சாப்பாட்டு மேசையில் சுவிசேஷத்தை விரித்து வைத்து, ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

மழைக்காலம். ஜன்னல் கண்ணாடி காய்ந்து பல நாளாயிருந்தது. அவள் முட்டையை வேகவைத்து ரொட்டிக்கு நடுவில் நசுக்கி டப்பாவில் அடைத்தபடியே ஓரக்கண்ணால் பார்ப்பாள்.

"அப்படி என்னதான் எழுதுறீங்க?"

"படிப்பு."

"பரீட்சை வைப்பாங்களா?"

"வைப்பாங்க. வசனம் வசனமா கேப்பாங்க. வருஷக் கடைசியில உதவிப் பிரசங்கியாருக்கு ஆள் எடுக்குறாங்க."

டப்பா மூடியை அழுத்திக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"பிரசங்கியாரா? யாரு, நீங்களா? வீட்டுல நாலு வார்த்தை பேச ரெண்டு நாள் எடுத்துக்கிற ஆளு!"

"பேசப் பழகத்தான்" என்றார் அவர், நோட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

பதில் நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததாலேயே அவளுக்குப் பிடிக்கவில்லை. யோசித்து வைத்திருந்தால்தான் இவ்வளவு சட்டென்று வரும் என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

ஓடினாலும் மனசு மேசையிலேயே கிடந்தது. நாற்பத்தெட்டு வயதில் ஒருவனுக்குப் பக்தி வருமா? வந்தால் வரட்டும், எதற்காக வந்தது? வேலையை விட்டுவிட்டு ஊழியம் என்று கிளம்பிவிடுவாரோ? கோயிலில் ஏதாவது வீடு தருகிறார்களோ? சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குச் சவரம் செய்துகொண்டு போகிறாரே, அந்த வகுப்பில் யார் யார் இருக்கிறார்கள்? விசாரித்ததில் ஆறு பேர் என்று தெரிந்தது. அதில் ஒருத்தி மருந்துக்கடைக்காரம்மா. புருஷனை இழந்தவள். எப்போதும் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு சிரித்த முகமாக இருக்கிறவள்.

இது போதாதா நம் போலீஸுக்கு.

ஒரு நாள் அவர் குளிக்கப் போன நேரம். நோட்டு மேசை மேலேயே கிடந்தது. வீட்டுக்குள் கிடக்கிற நோட்டைப் பிரிப்பதில் தப்பில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு பிரித்தாள். கொட்டை கொட்டையான எழுத்து. ஓரத்தில் ஒரு எண், பக்கத்தில் விஷயம்.

'5.27. கூட்டத்துக்கு நடுவில் பின்னால் போய், யாருக்கும் தெரியாமல் உடையைத் தொட்டேன். அந்த நிமிஷமே என் உடம்புக்குள் ஏதோ மாறிவிட்டது. தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்று நடுக்கமாக இருந்தது.'

அவளுக்குப் பக்கத்தைத் திருப்பக்கூடத் தோன்றவில்லை. குளியலறையில் தண்ணீர் நின்றதும் நோட்டை மூடிவிட்டு, காலியான டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். ரொட்டி அடுப்படியிலேயே கிடந்தது.

சலவைக்கூடத்தில் அவளுக்கு உருளை மெஷினில் வேலை. ஒரு பக்கம் அவள் ஈரப் படுக்கைவிரிப்பைச் சூடான உருளைக்குள் ஊட்ட வேண்டும், மறுபக்கம் மடிப்பு அக்கா வாங்கி மடிக்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக இருவருக்கும் நடுவில் அந்த மெஷின்தான். அதன் இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசிப் பழகியதால் ரகசியம் பேசினாலும் கூடம் முழுக்கக் கேட்கும்.

"அஞ்சு இருபத்தேழுக்கு உங்க வீட்டுக்காரர் எங்க இருப்பார்?" என்று கேட்டாள் அக்கா, முழுக்கதையையும் கேட்டுவிட்டு.

"காலையிலன்னா வேலையில. சாயங்காலம்னா வீட்டுல, என் கண்ணு முன்னாடி."

"அப்போ காலையிலதான். வேலை முடிஞ்சு வர்ற பஸ்ஸுல கூட்டம் இருக்குமில்ல?"

"விடியக்காலைல என்ன கூட்டம்?"

"அதைத்தான் நீ கண்டுபிடிக்கணும். நிமிஷத்தோட குறிச்சு வச்சிருக்கான்னா எவ்வளவு ஊறிப்போயிருப்பான் பாரு! என் வீட்டுக்காரனுக்குக் கல்யாண நாளே ஞாபகம் இல்ல."

"வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்கக்கா."

"நான் எங்கடி கிளப்புறேன்? விரிப்பு கோணலா வருது பாரு, நேரா ஊட்டு."

மறுநாளும் நோட்டு மேசை மேலேயே இருந்தது. இந்தத் தடவை தைரியமாக நாலைந்து பக்கம் புரட்டினாள். 2.4 என்று ஒன்று: 'கூரையைப் பிரித்து உள்ளே இறங்கினேன்.' இந்த மனிதன் வேலைக்குப் போகிற கட்டிடத்தில் என்னதான் செய்கிறார்? அடுத்தது 14.71: 'அந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது என்று சத்தியம் செய்தேன்.'

பதினாலு மணி எழுபத்தொரு நிமிஷம். அப்படி ஒரு நேரம் எந்தக் கடிகாரத்திலும் இல்லையே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுப் பலகையில் எண் பார்த்தே வளர்ந்தவளுக்கு இந்தச் சின்ன விஷயம் இத்தனை நேரம் எட்டவில்லை. அதிகாரம், வசனம். சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. ஆனால் சந்தேகம் போகவில்லை. சுவிசேஷத்தைப் படிக்கிறவன் எதற்காக 'நான் நான்' என்று எழுத வேண்டும்?

அன்று சாயங்காலம் இல்லாத இருமலுக்கு மருந்து வாங்க மருந்துக்கடைக்குப் போனாள்.

மருந்துக்கடைக்காரம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு இவளைப் பார்த்ததும் மலர்ந்து போனாள்.

"நீங்க லிஃப்ட் பிரதர் வீட்டு சிஸ்டர்தானே? வாங்க வாங்க. இருமலா? சளியோடவா, வறட்டு இருமலா?"

"அது... ரெண்டும்தான்."

"மழைக்கு எல்லாருக்கும் இருக்கு. பிரதர் ரொம்ப நல்லாப் படிக்கிறார் சிஸ்டர். அவர் பெரும்பாடுள்ள அம்மாவா, அதான் ரத்தப்போக்கு நிக்க உடையைத் தொட்ட அம்மாவா, எழுதினதை வாசிச்சப்போ நாங்க அத்தனை பேரும் அழுதுட்டோம்."

"அம்மாவா எழுதினாரா?"

"வீட்டுல சொல்லலையா? போதகர் ஐயா வகுப்பு முறையே அதுதான். நாலு சுவிசேஷத்துல ரொம்பச் சின்னதை எடுத்துக்கிட்டு ஒரு வருஷம் படிக்கிறோம். அதுல வர்ற ஒவ்வொரு ஆளாவும் உக்காந்து 'நான்'னு எழுதணும். போன வாரம் நான் ராஜா. ஒரு நல்ல மனுஷன் தலையை வெட்டச் சொல்லிட்டேன்" என்று சொல்லி அந்த அம்மாள் சீசாவுக்குச் சீட்டு ஒட்டினாள். "ஆனா ஒரு கண்டிப்பு. வசனத்துல இல்லாத ஒரு வார்த்தையைக்கூடச் சேர்க்கக் கூடாது. சேர்த்தா ஐயா சிவப்பு மையில சுழிச்சிருவார். சொந்தக் கதையை வேதத்துல திணிக்கிறவன் பிரசங்கத்துக்கு ஆகமாட்டான்னு சொல்லுவார்."

அந்த அம்மாளின் முகத்தில் கள்ளம் ஒன்றும் இல்லை. கறை பார்க்கிற கண்ணுக்கு அதுவும் தெரியும். மருந்துச் சீசாவை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவளுக்கு லேசாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒன்றை முழுதாகத் துழாவாமல் விட்டு அவளுக்குப் பழக்கம் இல்லை. சேர்க்கக் கூடாது என்றால், அவர் ஒன்றும் சேர்க்கவில்லை என்று யார் பார்த்தது?

அதனால் அவளும் படிக்க ஆரம்பித்தாள். இதைப் பக்தி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வீட்டிலிருந்த பழைய வேதப்புத்தகத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போய், தேநீர் இடைவேளையில் காயும் அறைக்குப் பக்கத்தில், சூடான குழாயில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து வாசித்தாள். காலையில் நோட்டில் பார்த்த எண்களைத் துணிச் சீட்டின் பின்பக்கம் குறித்து வருவாள். ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, சரி என்றால் ஒரு கோடு.

மடிப்பு அக்கா எட்டிப் பார்த்து, "நீயுமா பிரசங்கத்துக்குப் போறே?" என்றாள்.

"நான் விசாரணைக்குப் போறேன்."

சின்னப் புத்தகம்தான். ஆனால் அவசரம் அவசரமாக ஓடுகிற புத்தகம். ஒரு இடத்தில் ரொட்டியைப் பிட்டுக் கொடுத்து முடிப்பதற்குள் அடுத்த இடத்தில் படகு ஏறியிருக்கிறார்கள். அதில் எல்லாரும் எல்லாரையும் வேவு பார்க்கிறார்கள், வார்த்தையில் சிக்க வைக்கிறார்கள், ஒளிந்து நின்று கேட்கிறார்கள். இது அவளுக்குப் பிடித்துப் போயிற்று. ஒன்பதாம் அதிகாரத்தில், உலகத்தில் எந்தச் சலவைக்காரனாலும் அவ்வளவு வெள்ளையாக வெளுக்க முடியாத உடை என்று ஒரு பேச்சு வந்தபோது அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

"பாத்தீங்களாக்கா, இந்தப் புத்தகத்துலயே நம்ம தொழில் ஒரே ஒரு இடத்துல வருது. அதுவும் நம்மால முடியாதுன்னு சொல்றதுக்கு!"

"என்ன சோப்புன்னு போட்டிருக்கா?"

"போடல."

"அப்போ எப்படி முடியாதுன்னு சொல்லலாம்?" என்றாள் அக்கா.

கடைசியில் பிடிக்க வந்தவர்களிடமிருந்து ஒரு வாலிபன் மேலே போர்த்தியிருந்த துணியை விட்டுவிட்டு ஓடுகிறானே, அந்தத் துணியை யார் எடுத்தார்கள், யார் துவைத்தார்கள் என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தாள். புத்தகம் சொல்லவில்லை. அதைப் பற்றி அவரிடம் கேட்க நாக்கு நமநமத்தது. கேட்டால் நோட்டைப் பார்த்தது தெரிந்துவிடும்.

மூன்றாவது வாரம் துணிச் சீட்டு நிறையக் கோடுகள். அவர் மேல் ஒரு குறையும் இல்லை. கூரையைப் பிரித்து இறங்கியவன், வரி வசூலித்தவன், கை சூம்பினவன், மகளுக்காக வாதாடின தாய், எல்லாருக்கும் வசனம் இருந்தது, ஒரு வார்த்தைகூட மிச்சம் இல்லை. அவளுக்கு அவர் மேல் ஒரு மரியாதைகூட வர ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்துத்தான் அவர் ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"இது என்ன?"

"உன் சாட்சிப் பத்திரம். உதவிப் பிரசங்கியாருக்கு வீட்டு ஆள் சாட்சி சொல்லணும். சனிக்கிழமை ஐயா முன்னாடி நீ கையெழுத்துப் போடணும்."

"போடலன்னா?"

"போடலன்னா கிடையாது" என்றார். "வெளியில யாரு வேணும்னாலும் நல்லவனா இருக்கலாம், வீட்டு ஆள் சொல்லட்டும்னு ஐயா சொல்லுவார்."

மூன்றே கேள்வி. வீட்டில் ஜெபிக்கிறவரா? வீட்டில் உண்மை பேசுகிறவரா? இவரை இந்த ஊழியத்துக்கு அனுப்ப உங்களுக்கு மனசு உண்டா? அதற்குக் கீழே ஒரு கோடு, கையெழுத்துக்கு.

"எப்படியும் போடுவேதானே?" என்று கேட்டார். கேட்டபோது அவர் கண் தாளில் இல்லை, அவள் முகத்திலும் இல்லை. மேசை மேல் கிடந்த நோட்டில் இருந்தது. அந்தப் பார்வையை அவள் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அவர் படுத்த பிறகு நோட்டைக் கடைசியிலிருந்து புரட்டினாள். அவள் இதுவரை எட்டியிராத ஒரு பக்கம் இருந்தது.

'14.37 முதல் 41 வரை. நான் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். மூன்று முறை கூப்பிட்டார். முதல் முறையே எழுந்திருக்கலாம். இப்போதுதானே படுத்தோம், கொஞ்சம் போகட்டும் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூன்றாவது முறைக்குப் பிறகு சத்தம் இல்லை. அப்பாடா என்று இருந்தது.'

பக்கத்தில் போதகரின் சிவப்பு மை. 'இது வசனத்தில் எங்கே இருக்கிறது?' அதற்குப் பதில் எழுதப்படவில்லை.

அவள் நின்றபடியே வேதப்புத்தகத்தைப் பிரித்தாள். ஆண்டவர் சிலுவையில் பாடுபடுவதற்கு முந்தின நேரம். தோட்டத்தில் மூன்று சீஷர்களை விழித்திருக்கச் சொல்லிவிட்டுப் போகிறார். திரும்பி வந்து பார்த்தால் தூங்குகிறார்கள். மூன்று தடவையும் அப்படித்தான். கண் கனத்துப் போயிருந்தது என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. தூங்குவதுபோல் நடித்ததாக ஒரு வார்த்தை இல்லை.

அப்புறம், அது ஒரு தோட்டம். தோட்டத்தில் ஏது சுவர்?

அவள் மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். சுவர் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். உள்ளறையில், அவர் இப்போது படுத்திருக்கிற கட்டிலை ஒட்டி இருக்கிறது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவள் அப்பாவின் அறை.

எட்டு மாதத்துக்கு முன்னால். அப்பாவுக்கு இடுப்பு முறிந்து படுக்கையோடு இருந்த நாட்கள். பகலில் அவள் வேலைக்குப் போவாள். ராத்திரி வேலை முடிந்து தூங்குகிற மருமகன் ஒரு குரலுக்கு எழுந்துவிடுவார் என்பதுதான் வீட்டு ஏற்பாடு. அன்று நாலரைக்கு வர வேண்டியவள் ஐந்து மணிக்கு வந்தாள். உருளையில் ஒரு விரிப்பு சிக்கிக்கொண்டு மெஷின் நின்றுவிட்டது. வந்து பார்த்தால் அப்பா கட்டிலிலிருந்து இறங்கி, கதவுக்கு ஒரு முழம் இப்பால் தரையில் உயிரில்லாமல் கிடந்தார். கை நிலைப்படியை நோக்கி நீண்டிருந்தது. அவள் போட்ட கூச்சலில்தான் புருஷன் உள்ளறையிலிருந்து ஓடி வந்தார். "அசந்து தூங்கிட்டேன், ஒண்ணும் கேக்கல" என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். வந்தவர்கள் எல்லாரும் அவரைத்தான் முதலில் தேற்றினார்கள். ராத்திரி முழுக்க உழைத்துவிட்டு வந்த மனுஷன், பாவம் என்றார்கள். அவளும்தான் தேற்றினாள்.

தன்னைத் தேற்றிக்கொள்ளத்தான் முடியவில்லை. அந்த அரை மணி நேரம் அவளை விடவே இல்லை. மெஷினை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தால் அப்பாவைத் தூக்கி நிறுத்தியிருப்போமே என்று எத்தனை நாள் இதே மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதிருக்கிறாள். எதிரில் அவர் உட்கார்ந்திருப்பார். தண்ணீர் எடுத்துக் கொடுப்பார். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

உள்ளறையிலிருந்து குறட்டை வந்தது. நிஜக் குறட்டைதானா என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். இனி இந்த வீட்டில் எந்தக் குறட்டையை நம்புவது என்று நினைத்தபோது அவளுக்கு முதல் தடவையாகப் பயமாக இருந்தது.

அன்று முழுக்க உருளையில் விரிப்பு கோணலாகவே போயிற்று. மடிப்பு அக்கா ஒன்றும் கேட்கவில்லை, வாங்கி வாங்கி நேராக்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை மழை விடவில்லை. கோயிலை ஒட்டிய சின்ன அறையில் மூன்று நாற்காலி, ஒரு மேசை, மூலையில் குடைகள் ஒழுகுகிற வாளி. போதகர் மெலிந்த மனிதர், பேச ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு தடவையும் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். அவரே மூன்று பேருக்கும் தேநீர் ஊற்றினார்.

"சிஸ்டர், பயப்பட ஒண்ணுமில்ல. உங்க வீட்டுக்காரர் மாதிரி வசனத்தைக் கூர்மையாப் படிக்கிற ஆளை நான் பார்த்ததில்ல. சம்பிரதாயத்துக்கு நாலு வார்த்தை. வீட்டுல எப்படி?"

"நல்ல மனுஷன் ஐயா" என்றாள் அவள். "குடிக்கிறதில்ல, கை நீட்டினதில்ல, என் சமையலைக் குறை சொன்னதில்ல. அவர்கிட்ட ஒரு சந்தேகம் கேக்கணும். இங்கயே கேக்கலாமா?"

"தாராளமா."

அவள் துணிப்பையிலிருந்து நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள். தன் நோட்டைப் பார்த்ததும் அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். ஆனால் திடுக்கிடவில்லை. அவள் அதையும் கவனித்தாள்.

"தோட்டத்துல ஏதுங்க சுவர்?"

போதகர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நானும் அந்த இடத்தைப் பிரதர்கிட்ட கேட்டேன் சிஸ்டர். ஏதோ யோசனையில எழுதிட்டேன்னார்..."

"அவரே சொல்லட்டும் ஐயா." அவள் புருஷன் பக்கமே திரும்பி உட்கார்ந்தாள். "நான் படிக்கட்டும்னுதானே தினமும் மேசை மேல வச்சீங்க?"

அவர் தலையை அசைத்தார்.

"ஏன், வாய் இல்லையா? வீட்டுல ஒரு ஆள்கிட்ட சொல்ல முடியல, ஊருக்கே பிரசங்கம் பண்ணக் கிளம்பிட்டீங்களா?"

"இதைச் சொல்றதுக்குத்தான் படிக்கவே வந்தேன்" என்றார் அவர். "எல்லார் வாயிலயும் உக்காந்து பேசிப் பாத்தேன். என் வாய்க்கு வரல."

"எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்?"

"ரெண்டு... ரெண்டே கால் இருக்கும்."

ரெண்டே கால். அவள் கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை. அவளுடைய அரை மணி நேரம் அங்கே எங்கேயும் இல்லை. மெஷின் சிக்கியது நாலு மணிக்கு மேல். எட்டு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் ஒரு நொடியில் எழுந்தது. எழுந்த வேகத்தில் அது கோபமாக மாறியது.

"நான் அந்த அரை மணி நேரத்துக்காக அழுதப்போ எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? தண்ணி கொடுத்தீங்களே! உன் மேல தப்பில்லன்னு ஒரு வார்த்தை, அதைக்கூடச் சொல்லத் தோணலையா?"

"சொன்னா, எப்படித் தெரியும்னு கேப்பே."

போதகருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "சிஸ்டர், களைச்சுப்போன மனுஷன். ராத்திரி முழுக்க வேலை. மாம்சம் பலவீனம்தானே? கூடவே இருந்த சீஷர்களாலயே முடியலையே..."

"ஐயா, அவங்க தூங்கினாங்க" என்றாள் அவள். "கண்ணு கனத்துப்போச்சுன்னு போட்டிருக்கு, நான் பாத்தேன். இவர் முழிச்சிருந்தார். நீங்கதானே வசனத்துல இல்லாததைச் சேர்க்கக் கூடாதுன்னு சொல்லிக் கொடுத்தீங்க?"

போதகருடைய வகுப்பில் அவ்வளவு நறுக்கென்று வசனத்தை யாரும் பிடித்ததில்லை.

"மூணு தடவைன்னு எழுதியிருக்கீங்க" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "மூணு தடவையும் என்னன்னு கூப்பிட்டார்?"

அவர் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். நகத்தின் ஓரத்தில் கிரீஸ் கறுப்பாக நின்றது.

"மூணு இல்ல" என்றார்.

"அப்போ?"

"நாலு தடவை. வசனத்துல மூணுன்னு இருந்தது. அதோட ஒத்துப்போகட்டும்னு ஒண்ணைக் குறைச்சிட்டேன்."

கழற்றிய கண்ணாடியைப் போதகர் மேசையில் வைத்தார்.

"முதல் மூணு தடவை மாப்பிள்ளைன்னார். நாலாவது தடவை என்னைக் கூப்பிடல." அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். "பாப்பான்னார்."

நாற்பத்தாறு வயதான அந்தப் பாப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் தாடை வரை வந்து கழுத்துக்குள் இறங்கியது, துடைக்கத் தோன்றவில்லை. அவள் இல்லாத வீட்டில் அவள் இருப்பதாக நம்பி அப்பா கடைசியாகக் கூப்பிட்டது அவளைத்தான். அதைக் கேட்ட ஒரே காது இதோ எதிரில் இருக்கிறது. அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. அந்தக் காதில் வாயை வைத்து, இன்னொரு தடவை சொல்லுங்கள், எப்படிக் கூப்பிட்டார், எந்தக் குரலில் கூப்பிட்டார் என்று கெஞ்ச வேண்டும்போலவும் இருந்தது.

போதகர் சாட்சிப் பத்திரத்தை மெல்ல மடிக்கப் போனார். அவள் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். அவர் பேனாவையும் கேட்டு வாங்கினாள். முதல் கேள்வியை விட்டுவிட்டாள். இரண்டாவது கேள்விக்கு நேராக, விரிப்புகளில் ஆஸ்பத்திரிப் பெயர் எழுதுகிற அதே கையெழுத்தில், நிதானமாக எழுதினாள்.

வீட்டில் உண்மை பேசுகிறவரா? 'இன்று பேசினார்.'

தாளைத் திருப்பி வைத்துவிட்டு எழுந்து குடையை எடுத்தாள். போதகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தார், பிறகு வெறுமையாக இருந்த கீழ்க்கோட்டைப் பார்த்தார்.

"கையெழுத்து, சிஸ்டர்?"

"அதுக்கு இன்னும் நாளாகும் ஐயா" என்றாள்.